உருகாமல் இளகும் கலை

தமிழில் மெழுகுக்கு ஒரே வேலைதான்: உருகுவது. அடியாரின் நெஞ்சு மெழுகாய் உருகும். பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தாயைப் பாராட்டும் மேடைப் பேச்சாளர் மெழுகுவர்த்தியைத் தொடாமல் பேச்சை முடிப்பது அபூர்வம். உறுதிக்குப் பாறையையும் இரும்பையும் தேக்கையும் தேடிப் போகிற நாம், மெழுகின் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள உபோன் ராச்சதானி நகரத்தாருக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பாங்காக்கிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மூன் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர் அது. பெயர் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. 'உபோன்' என்பது நம் உற்பலம், 'ராச்சதானி' என்பது நம் இராசதானி. குவளைப் பூவின் பெயர் கொண்ட இந்த ஊரின் தெருக்களில் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூலை மாதத்தில், மெழுகுத் தேர்கள் புறப்படுகின்றன. வண்டியின் நடுவே தூண் போல ஒரு மெழுகுவர்த்தி. அதற்கு முன்னும் பின்னும் படம் விரித்த நாகங்கள், சிறகு விரித்த கருடன், கின்னரிகள், ஜாதகக் கதை மாந்தர்கள், ராமாயணத்தின் தாய்லாந்து வடிவமான ராமகியனின் வீரர்கள். செதில் செதிலாக, இறகு இறகாக எல்லாம் மெழுகு வேலைப்பாடு. பகலில் நிழலிலேயே 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் பருவம். ஆனாலும் நாகம் தலை கவிழ்வதில்லை. கின்னரியின் மூக்கு வழிந்தோடுவதில்லை.

எப்படி? விடையின் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. மெழுகுக்கு நாம் வழங்கும் சொற்கள் இரண்டு: இளகுதல், உருகுதல். பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். உபோனின் சிற்பிகளுக்கு அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள சில டிகிரி இடைவெளிதான் பட்டறை.

மழைக்கு ஒரு விளக்கு

சாதுர்மாஸ்யம் என்றால் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் துறவிகள் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவது. பௌத்தத்திலும் அதே வழக்கம் உண்டு. மழையில் நடமாடும் துறவிகள் இளம் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துவிடுகிறார்கள் என்று மக்கள் குறைப்பட, புத்தர் மூன்று மாதத் தங்கலை விதித்ததாகப் பௌத்த மரபு சொல்கிறது. வடமொழியின் 'வர்ஷா' தாய் மொழியில் 'பன்சா' ஆயிற்று. தங்கல் தொடங்கும் நாள் 'காவ் பன்சா'. ஆஷாடப் பௌர்ணமிக்கு மறுநாள். ஒரு பிக்குவின் துறவு வயதைக்கூட அவர் கடந்த பன்சாக்களின் எண்ணிக்கையால்தான் அளப்பார்கள்.

மின்சாரம் இல்லாத காலத்தில், மழை இருட்டிய மடத்தில் மூன்று மாதம் சூத்திரம் படிக்க வெளிச்சம் வேண்டும். அதற்காக ஊர்மக்கள் கொடுத்ததுதான் 'தியன் பன்சா', மழைக்கால மெழுகுவர்த்தி. எவ்வளவு மெழுகு தேவைப்படும்? சாதாரணச் சுடர் மணிக்கு ஆறு கிராம் அளவில் மெழுகைத் தின்னும். அணையாமல் 90 நாள் எரிந்தால் 2,160 மணி நேரம். ஏறத்தாழ 13 கிலோ மெழுகு. ஒரு மடத்து விளக்குக்கு அது போதும். இன்றைய ஊர்வலத் தேர்களில் ஏறும் மெழுகு அதைவிடப் பல மடங்கு அதிகம். மடங்களில் பல்பு எரிகிறது. மெழுகுவர்த்தியோடு சேர்த்து மின்விளக்குகளையும் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் தாய்லாந்தில் பரவிவிட்டது. பயன் போன பின்னும் கலை தங்கிவிட்டது.

ஊர்வலம் தொடங்கியதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ராமா மன்னரின் ஆட்சியில், இந்தப் பகுதியை நிர்வகித்தவர் இளவரசர் சன்பசித்திபிரசோங். மழை வேண்டி ராட்சத வாணங்கள் விடும் திருவிழாவில் உயிர்ச்சேதமும் சண்டையும் நேர்ந்ததால், அதற்குப் பதிலாக மெழுகுவர்த்தி ஊர்வலத்தை அவர் ஊக்குவித்தார் என்பார்கள். தொடக்கத்தில் சிறு மெழுகுவர்த்திகளை ஒன்றாகக் கட்டி, வண்ணத் தாள் சுற்றி எடுத்துப் போனார்கள். பின்னால் அச்சு வேலைப்பாடும், அதற்கும் பின்னால் ஆழச் செதுக்கலும் வந்தன.

தேனீ வகுத்த வெப்பநிலை

தாய் மொழியில் மெழுகுக்குப் பெயர் 'கீ புங்'. நேர்ப்பொருள், தேனீயின் மலம். இது உயிரியல்படி அநியாயம். உடல் வேண்டாமென்று தள்ளுவதில்லை மெழுகு. தேனைச் செலவழித்துத் தேனீ உற்பத்தி செய்கிற கட்டுமானப் பொருள். கூட்டுக்குள் வேலை செய்யும் இளம் வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறத்தில் நான்கு இணைச் சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து கசியும் நீர்மம் காற்றுப் பட்டதும் மெல்லிய செதிலாக உறையும். ஒரு கிராம் மெழுகுக்கு ஏறத்தாழ ஆயிரம் செதில்கள் வேண்டும். புதிய செதில் நிறமற்றிருக்கும். மகரந்தமும் மரப்பிசினும் சேர்ந்த பின்தான் மஞ்சள் பூக்கும்.

இந்தச் செதிலைத் தேனீ வாயால் மென்று, பிசைந்து, இழுத்து அறை கட்டுகிறது. கொல்லனுக்கு உலை போல அதற்கும் ஒரு வெப்பம் வேண்டும். புழுக்கள் வளரும் பகுதியைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் காத்து வருகின்றன. அந்த வெப்பத்தில் மெழுகு பிசையும் பதத்துக்கு இளகும். ஆனால் அதன் உருகுநிலை 62 முதல் 64 டிகிரி. ஆகவே தன்னைப்போல் பல மடங்கு எடையுள்ள தேனைத் தாங்கிக்கொண்டு அடை தொங்குகிறது.

கவனித்தீர்களா? தேனீ மெழுகு வேலை செய்யும் வெப்பமும், உபோனில் ஜூலை மாத மதிய வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்று. குளிர்நாட்டில் மெழுகைச் செதுக்குகிறவர் அதைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த வேலையை வானிலையே பார்த்துக்கொள்கிறது.

ஊதுபத்திக் கட்டும் ஈர்க்குச்சிக் கட்டும்

மெழுகு ஏன் இளகுகிறது என்று பார்க்க, மூலக்கூறுக்குள் போக வேண்டும். மெழுகின் மூலக்கூறு ஒரு நீண்ட குச்சி. கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி, இருபுறமும் ஹைட்ரஜன். அண்டைச் சங்கிலிகளுக்கு இடையில் உள்ள ஈர்ப்பு மிக மெலிது. ஆனால் சங்கிலி நீள நீள, ஒட்டும் இடங்கள் கூடும். 20 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலி 37 டிகிரியிலேயே உருகிவிடும். 30 கார்பன் என்றால் 66 டிகிரி. 40 என்றால் 81. மெல்லிய நூல்கள் பல சேர்ந்து தேர்வடமாகிற கதைதான்.

ஒரே நீளமுள்ள சங்கிலிகள், பிரிக்காத ஊதுபத்திக் கட்டு போல அழகாக அடுக்காக நிற்கும். குளிரில் ஒவ்வொரு குச்சியும் அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். அப்போது கத்தி வைத்தால் மெழுகு தூளாக உதிரும். அடித்தால் பாளமாக உடையும். சூடேற ஏற, உருகுவதற்கு முன்பே ஒரு மாற்றம் நடக்கிறது. குச்சிகள் கட்டை விட்டு வெளியேறாமல், நின்ற இடத்திலேயே தம் அச்சில் சுழலத் தொடங்குகின்றன. ஊதுபத்திக் கட்டை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டும்போது ஒவ்வொரு குச்சியும் புரள்கிறதே, அதுபோல. கட்டு குலையவில்லை, ஆகவே அது திண்மம். பூட்டு தளர்ந்துவிட்டது, ஆகவே அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அறிவியலார் இதைச் சுழற்சி நிலை என்பார்கள். நமக்கு அதுதான் இளகுதல். வணிகப் பாரஃபினில் இது உருகுநிலைக்குப் பத்து முதல் இருபது டிகிரி கீழே நிகழ்வதுண்டு. அதற்கும் மேலே போய்க் கட்டே அவிழ்ந்து குச்சிகள் தாறுமாறாகச் சிதறினால், அது உருகுதல்.

இப்போது கட்டில் வெவ்வேறு நீளக் குச்சிகள் இருந்தால்? தென்னை ஈர்க்குச்சித் துடைப்பத்தைப் பாருங்கள். நுனிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், இடையில் வெற்றிடம் விழுந்து, கட்டு எப்போதும் சற்றுத் தளர்வாகவே இருக்கும். தேன்மெழுகு இந்த வகை. அதில் கிட்டத்தட்ட 300 வகைச் சேர்மங்கள் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு எஸ்டர்கள். அவற்றில் பெயர்பெற்ற ஒன்று, 16 கார்பன் அமிலமும் 30 கார்பன் ஆல்கஹாலும் இணைந்த 46 கார்பன் சங்கிலி. ஏழில் ஒரு பங்கு ஹைட்ரோகார்பன்கள். மீதத்தில் தனி அமிலங்கள். இத்தனை கலப்பில் பெரிய படிகம் வளர வழியில்லை. ஆகவே தேன்மெழுகு சட்டென்று உடையாது. வளையும், இழுபடும், ஒட்டும்.

பாரஃபின் வேறு குலம். 1830இல் கார்ல் வான் ரைகன்பாக் என்ற ஜெர்மானிய வேதியியலார் மரத்தாரிலிருந்து அதைப் பிரித்தார். இன்று பெட்ரோலியச் சுத்திகரிப்பில் டன் டன்னாகக் கிடைக்கிறது. விலை குறைவு, ஆனால் தனியாக விட்டால் கத்திக்கு முரண்டு பிடிக்கும். தேன்மெழுகு விலை கூடுதல்; தனியாக விட்டால் நுண்ணிய விளிம்பு மழுங்கும். இரண்டையும் கலக்கும்போது பாரஃபின் விறைப்பையும் தேன்மெழுகு நெகிழ்வையும் தருகின்றன. சமையலில் பச்சரிசிக்கு உளுந்து எவ்வளவு என்பது போல, இந்த விகிதம்தான் கைப்பக்குவம்.

இதே பக்குவம் நம்மிடமும் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்ப்பதற்கு முன் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள். தேன்மெழுகோடு விறைப்புக்குக் குங்கிலியமும், குழைவுக்கு எண்ணெயும் சேர்ப்பார்கள். அங்கே மெழுகு மண்ணுக்குள் புகுந்து உருகி வெளியேறி, உலோகத்துக்கு இடம் விட்டுவிடும். தாய்லாந்தின் புத்தர் வெண்கலங்களும் அப்படி வார்க்கப்பட்டவையே. உபோன் ஊர்வலத்தில் மட்டும் மெழுகு யாருக்கும் இடம் விடுவதில்லை. அதுவே மூர்த்தி.

ஒட்டுவதும் செதுக்குவதும்

உபோனில் இரண்டு பெரும் மரபுகள் உண்டு. ஒன்று 'தித் பிம்', அச்சை ஒட்டுதல். மெழுகை மெல்லிய தகடாக்கி, இளகிய பதத்தில் செதுக்கிய அச்சில் அழுத்தி எடுத்து, ஓரம் நறுக்கி, உருவத்தின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். நாகத்தின் ஒவ்வொரு செதிலும் தனித்தனித் துண்டு. மற்றது நேரடிச் செதுக்கல். தடித்த மெழுகுப் பாளத்தில் கத்தியும் சுரண்டும் கருவிகளும் கொண்டு உள்ளே உள்ளே போவது. இரண்டும் வெவ்வேறு கலை போலத் தெரிந்தாலும், மோதுவது ஒரே எதிரியோடுதான்: வெப்பம் மெழுகுக்குள் நகரும் மந்த கதி.

மெழுகு, செம்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மோசமான வெப்பக் கடத்தி. வெப்பம் ஒரு பொருளைக் கடக்கும் நேரம் தடிமனின் இருமடியாக வளரும். தடிமன் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. மெல்லிய தகடு சில நிமிடங்களில் ஆறும். ஆள் உயரத் தூணை ஒரே மூச்சில் வார்த்தால் வெளியே கல்லாகி, உள்ளே நாட்கணக்கில் குழம்பாகவே கிடக்கும். அத்துடன் இன்னொரு வம்பு. தண்ணீர் உறையும்போது பெருக்கும். மெழுகு சுருங்கும், அதுவும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வெளி ஓடு இறுகிய பின் உள்ளே சுருங்கினால் நடுவில் குழி விழும், அல்லது பக்கவாட்டில் விரிசல் ஓடும். பெரிய பாளத்தைப் படிப்படியாக ஊற்றுவதன் நியாயம் இதுதான். ஒரு படி இறுகும்போது விடும் இடைவெளியை அடுத்த படி நிரப்பும்.

உருக்குவதிலும் நிதானம் வேண்டும். தேன்மெழுகு 85 டிகிரியைத் தாண்டினால் நிறம் கறுக்கத் தொடங்கும். அளவு மீறிச் சூடேறினால் ஆவி தீப்பற்றும். கொதிநீர் நிறைந்த பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்துவிட்டால், எவ்வளவு விறகு தள்ளினாலும் மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரே காவல்காரன்.

செதுக்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு. மரமும் கல்லும் எடுத்ததைத் திருப்பி வாங்காது, மெழுகு வாங்கும். தப்பாக வெட்டிய இடத்தில் சூடான மெழுகை அப்பி, ஆறவிட்டு, மறுபடி வெட்டலாம். உதிர்ந்த சீவல் மொத்தமும் அண்டாவுக்குத் திரும்பும். உருகி உறைவதில் மூலக்கூறு எதுவும் மாறாததால் நட்டம் இல்லை.

ஆனால் மெழுகுக்கு மறதியும் உண்டு. சுமை சிறியதாக இருந்தாலும், நாள்பட நாள்பட அது மெல்லச் சரியும். நீட்டிய கருடச் சிறகு ஒரு மணி நேரம் நிற்கும். ஒரு வாரம் நின்றால் தொங்கும். அதனால் உருவங்களுக்குள் மரமோ இரும்போ எலும்பாக இருக்கும். அந்த எலும்பிலும் சிக்கல்: அதே சூட்டில் மெழுகு இரும்பைவிடப் பல மடங்கு விரியும். பகல் விரிவும் இரவுச் சுருக்கமும் மாறி மாறி வர, கம்பி ஓடும் இடத்தில் முதலில் விரிசல் காணும்.

வெயிலில் ஒரு கணக்கு

ஊர்வல நாளுக்கு வருவோம். மேகமில்லாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொட்டும். மஞ்சள் மெழுகு அதில் பாதியை உள்வாங்கும் என்று வைத்துக்கொள்வோம், 500 வாட். ஒரு கிலோ மெழுகை உருக்க 200 கிலோஜூல் அளவில் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 50 டிகிரி சூடேற்றும் வெப்பத்துக்கு அது சமம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தோல் என்றால் 900 கிராம் மெழுகு, 180 கிலோஜூல். உள்வாங்கிய வெப்பம் முழுவதும் உருக்குவதற்கே போனால் ஆறு நிமிடத்தில் நாகத்தின் செதில் வரி அழிந்துவிடும்!

அப்படி நடக்காததற்குக் காரணம், சூடான மேற்பரப்பு சும்மா இருப்பதில்லை என்பதே. 60 டிகிரிக்கு ஏறிய மெழுகு, காற்றுக்கும் வானுக்கும் ஒரு சதுர மீட்டரில் 300, 400 வாட் அளவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். காற்று கொஞ்சம் வீசினாலோ, வெயில் சாய்வாக விழுந்தாலோ, மேகம் மூடினாலோ கணக்கு மெழுகின் பக்கம் சாயும். வரவும் செலவும் இவ்வளவு நெருங்கி நிற்பதால், கோயில் வளாகத்தின் நிழற்பந்தலில் வாரக்கணக்கில் வேலை நடப்பதும், ஊர்வலம் காலையில் புறப்படுவதும், முந்தின இரவே துங் சி மூவாங் பூங்காவைச் சுற்றி விளக்கொளியில் தேர்களைக் காண மக்கள் கூடுவதும் மெழுகின் குணத்துக்கும் பொருந்தியவை.

மழை வந்தால்? வரட்டும். மெழுகுக்கும் நீருக்கும் ஒட்டாது. துளிகள் தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும், போகிற போக்கில் வெப்பத்தையும் வாரிக்கொண்டு போகும். மழைக்காலத் திருவிழாவுக்கு மழையைப் பகைக்காத பொருள் வாய்த்திருக்கிறது.

தோல் போல் ஒளி

மெழுகுச் சிலைக்கு மட்டும் ஏன் அந்த உயிர்க்களை? கருங்கல்லில் பட்ட ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். மெழுகில் அது சில மில்லிமீட்டர் உள்ளே புகுந்து, நுண்படிகங்களில் மோதி மோதித் திசை மாறி, நுழைந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி வெளியே வரும். மனிதத் தோலிலும் இதுவே நடக்கிறது. கையை டார்ச்சின் முன் வைத்தால் விரல் ஓரம் சிவந்து ஒளிர்வது அதனால்தான். இந்த ஒளிக்கசிவு மென்மையைத் தருகிறது. கூடவே நிழலைக் கரைத்துவிடுகிறது. மேலோட்டமாகக் கீறிய கோடு மெழுகில் மங்கிப்போகும். செதுக்கும் மரபினர் ஆழமாக, அடிவெட்டுப் போட்டு உள்ளே இறங்குவதால்தான் வெளிச்சத்தையும் மீறி நிழல் தங்குகிறது.

இவ்வளவும் படித்த பிறகு உபோனுக்குப் போக முடியாவிட்டாலும், அடுக்களை வரை போகலாம். கடையில் விற்கும் வெள்ளை மெழுகுவர்த்திகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து வளைத்துப் பாருங்கள், 'டக்'கென்று முறியும். மற்றதை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில், தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டு, கால் மணி நேரம் போட்டு வையுங்கள். ஒரு சொட்டுக்கூட உருகியிருக்காது. எடுத்து மெல்ல வளையுங்கள், வளையும், முறுக்குங்கள், முறுகும். ஆறவிட்டால் முறுக்கிய வடிவத்திலேயே நிற்கும்.